பத்து மணிக்கே பெயர் எழுதும் அளவு தூசி: வாசகர் கேள்வி பதில்

வீட்டு வேலை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் எறும்பும் ஊறுகாய்ப் பூசணமும் ஓரமாக நிற்க, தூசிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: எங்கள் வீடு நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. காலையில் பெருக்கித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், பத்து மணிக்கே டிவி ஸ்டாண்டில் விரலால் பெயர் எழுதலாம். மாமியார் தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்க வேண்டும் என்கிறார். நாத்தனார் வாரம் ஒரு நாள் செய்தால் போதும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவான கணக்கு என்று ஒன்று கிடையாது. அதைவிட முக்கியம், ஒரே வீட்டுக்குள் எல்லா இடத்துக்கும் ஒரே கணக்கும் கிடையாது. ரோட்டைப் பார்த்த ஹாலும் பின்பக்கத்துப் படுக்கையறையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் தூசி விஷயத்தில் இரண்டும் வேறு வேறு ஊர்.

கணக்கை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி ஸ்டாண்ட், ஹால் ஜன்னல் கட்டை, ஃபிரிட்ஜ் மேல்பகுதி, கட்டிலுக்குப் பக்கத்து ஷெல்ஃப், இந்த நான்கையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். தினமும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கோடு தெளிவாக விழும் நாள்தான் அந்த இடத்தின் முறை. ஜன்னல் கட்டையில் மறுநாளே விழும், ஷெல்ஃபில் நாலைந்து நாள் ஆகலாம். நம் மாவட்டத்தில் பாதி வீட்டில் கறுப்பு கிரானைட் மேடை இருக்கிறது, அதை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், அதில் ஊதினாலே தெரியும். வெள்ளை டைல்ஸ் அதற்கு நேர்மாறு, தலைமுடியைக் காட்டிக்கொடுக்கும், தூசியை மறைத்துவிடும்.

இதை ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை செய்து பாருங்கள். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று நம் பக்கம் எப்படி என்று சொல்லவே வேண்டாம், மேற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிற வீடு அந்த இரண்டு மாதமும் களத்துமேடுதான். மழை பிடித்து ரோடு நனைந்தபின் அதே வீட்டில் பாதி வேலை குறையும். அப்புறம் மாசி, பங்குனியில் காய்ந்த மண் கிளம்பும். சித்திரை தாண்டினால் மாங்காய் லாரிகள். சென்னை போகிற 48-ம் எண் நெடுஞ்சாலையும் சேலம் போகிற 44-ம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில்தான் பிரிகின்றன, அந்தப் போக்குவரத்தின் ஒரு பங்கு உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. டயரும் பிரேக்கும் தேய்கிற பொடி, ரோட்டு மண், டீசல் கரி எல்லாம் கலந்ததுதான் உங்கள் டிவி ஸ்டாண்டில் இருப்பது. அதனால் வருஷம் முழுக்க ஒரே அட்டவணை போட்டுக்கொண்டு முதுகை ஒடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

நீங்கள் துடைத்தும் பத்து மணிக்கே தூசி தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். காலையில் பெருக்கும்போது ஃபேன் ஓடுகிறதா? ரோட்டுப் பக்க ஜன்னல் திறந்திருக்கிறதா? காய்ந்த தரையை வேகமாகப் பெருக்கும்போது கனமான மண் குப்பை முறத்துக்கு வருகிறது, மெல்லியது மேலே கிளம்புகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், 10 மைக்ரான் அளவு தூசி அசையாத காற்றில் தரைக்கு இறங்கச் சில நிமிடம் ஆகும், 1 மைக்ரான் அளவு தூசிக்குப் பல மணி நேரம். ஃபேனைப் போட்டால் அதுவும் இறங்காது. அதாவது நீங்கள் எட்டு மணிக்குக் கிளப்பிவிட்டதில் ஒரு பகுதிதான் பத்து மணிக்கு டிவி ஸ்டாண்டில் வந்து உட்காருகிறது. அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுப் பெருக்குங்கள். துடைப்பத்தைத் தூக்கி வீசாமல் தரையோடு இழுங்கள். பெருக்கி அரை மணி நேரம் கழித்து மேஜை, ஸ்டாண்டை ஈரத்துணியால் துடையுங்கள். நிறைய பேர் முதலில் மேஜையைத் துடைத்துவிட்டுப் பிறகு பெருக்குகிறார்கள், அது ஒரே வேலையை இரண்டு தரம் செய்வது.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. ரோட்டைப் பார்த்த ஹாலுக்குத் தினமும் ஒருவேளை பெருக்கல் கட்டாயம் வேண்டும், காற்று மாதத்தில் சாயங்காலமும் ஒரு இழுப்பு இழுக்கலாம். ஆனால் இரண்டு வேளையும் மாப் போடுவது வீண். ஒருநாள் விட்டு ஒருநாள் ஹாலுக்கு மாப், படுக்கையறைக்கு வாரம் இரண்டு தரம், இது போதும். டிவி ஸ்டாண்ட், ஜன்னல் கட்டைக்கு விரல் சொல்கிற நாள். கொசுவலை ஜன்னலைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், அந்த வலையே ஒரு வடிகட்டி, அதில் அப்பியிருப்பது ஒவ்வொரு காற்றுக்கும் உள்ளே உதிரும். காற்று மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி வெளியே வைத்துத் தண்ணீர் அடியுங்கள், கழற்ற முடியாத வலை என்றால் ஈர ஸ்பாஞ்சால் உள்பக்கமிருந்து ஒற்றி எடுங்கள்.

எத்தனை முறை துடைப்பது என்பதைவிட எவ்வளவு உள்ளே விடுகிறோம் என்பது பெரிய விஷயம். வாசலில் தண்ணீர் தெளிப்பது வெறும் சாஸ்திரமில்லை, அந்த ஈரம் இருக்கிறவரை வாசல் மண் எழும்பாது. வெளியே சொரசொரப்பான ஒரு மிதியடி, உள்ளே துணி மிதியடி ஒன்று, இரண்டும் போடுங்கள், துணி மிதியடியை வாரம் ஒருமுறை துவையுங்கள். செருப்பு வெளியிலேயே நிற்கட்டும். லாரிகள் அதிகம் ஓடுகிற நேரத்தில் ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நாத்தனாருக்கு ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை போதும் என்று சொல்பவர் அந்த ஒருமுறையை அவரே செய்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். துடைப்பத்தைத் தொடாதவர்கள் போடுகிற அட்டவணைக்கு இந்தப் பக்கத்தில் மதிப்பில்லை, அது ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி.

கேள்வி: ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறேன். ஒரே ஆள், இரண்டு அறை. மாதம் ஒருமுறை பெருக்கினால் போதாதா? மகள் வரும்போதெல்லாம் சண்டை.
*வாசகர், தருமபுரி*

பதில்: போதாது ஐயா. ஒரு ஆள்தான் என்றாலும் தூசி ஆள் கணக்குப் பார்த்து வருவதில்லை. வாரம் இரண்டு தரம் பெருக்கி, ஒருதரம் துடையுங்கள். நீங்கள் புழங்காத அறையைச் சாத்தி வைத்தால் அதற்கு மட்டும் உங்கள் மாதம் ஒருமுறை கணக்கு செல்லும். குனிய முடியவில்லை என்றால் நீளக் கைப்பிடி மாப் வாங்கிக்கொள்ளுங்கள். மகள் வருவதற்கு முதல்நாள் மட்டும் செய்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று யோசிக்காதீர்கள், அவர் ஃபிரிட்ஜ் மேலே கை வைத்துப் பார்ப்பார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கிரானைட் பட்டறையில் கட்டிங் வேலை. வீட்டுக்கு வரும்போது தலை, சட்டை எல்லாம் வெள்ளைப் பொடி. வீட்டிலும் தரையில் எப்போதும் மாவு மாதிரி இருக்கிறது. சின்னக் குழந்தை தவழ்கிறது. தினமும் எத்தனை முறை துடைக்க வேண்டும்?
*வாசகி, பர்கூர் அருகில்*

பதில்: உங்களுக்கு எத்தனை முறை என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தப் பொடி ஏன் வீட்டுக்குள் வருகிறது என்பது. இது ரோட்டுத் தூசி மாதிரி இல்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்கிற கனிமம் இருக்கிறது, அதன் மெல்லிய பொடி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும், வந்தால் அதைத் திருப்புகிற மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே வேலையிடத்தில் சுவாசிக்கிற இந்தப் பொடியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. நம் ஊர் வண்ணக் கற்களில், பாரடைசோ போன்றவற்றில், குவார்ட்ஸ் அதிகம், கறுப்புக் கல்லில் குறைவு. பட்டறையில் இரண்டும்தான் அறுபடும், அதனால் கல்லைப் பார்த்து ஆறுதல் பட வேண்டாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிக்கொண்டு வர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் வீட்டுக்கு வெளியே, பாத்ரூம் வெளிப்பக்கம் இருந்தால் அங்கேயே, கழற்றி நேராகத் தண்ணீர் வாளிக்குள் போட வேண்டும். உதறவே கூடாது. வாசலில் நின்று சட்டையை நாலு உதறு உதறுவது நம் வழக்கம், அந்த உதறலில் பறப்பதில் கண்ணுக்குத் தெரிகிற பொடியைவிடத் தெரியாத பொடிதான் ஆபத்து. அவர் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். தலைக்குக் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும். வண்டி சீட்டையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் காய்ந்த துடைப்பம் வேண்டாம். தினமும் ஒருமுறை ஈரமாகத் துடையுங்கள், குழந்தை தவழ்கிற இடத்தை இரண்டு முறை. வாளித் தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள், கலங்கிய தண்ணீரில் துடைத்தால் காய்ந்தபிறகு அதே பொடி தரையில் நிற்கும். நீங்கள் மாவு மாதிரி என்று எழுதியிருப்பது அதுவாகவும் இருக்கலாம். ஊற்றுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடுங்கள், வாசல் மண்ணில் ஊற்றினால் காய்ந்து மறுபடி பறக்கும்.

பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, காய்ந்தபடியே அறுக்கிறார்களா என்று அவரிடம் கேளுங்கள். தண்ணீர் விட்டு அறுத்தாலே பொடி பெருமளவு அடங்கும். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை, என்95 மாதிரி மூக்கை ஒட்டி உட்காருகிற மாஸ்க் வேண்டும். சட்டப்படி சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. இருமலோ, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போய், கல் பட்டறை வேலை என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், வெறும் இருமல் என்றால் இருமல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது என்கிறார்கள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதே ஏழு மணிக்கு. எப்போதுதான் பெருக்குவது?
*வாசகி, ஊத்தங்கரை*

பதில்: மின்சாரம் இல்லாத காலத்தில் இருட்டில் பெருக்கினால் மூக்குத்தித் திருகாணி குப்பையோடு போய்விடும், அதற்காக வந்த வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்இடி விளக்கில் அந்தப் பயம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் பெருக்காமல் ஈர மாப்பால் குப்பையை ஒரு மூலைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுக் காலையில் அள்ளுங்கள். தூசிக்கும் அதுதான் நல்லது. ஒட்டடைக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கவே இருக்கிறது, மாதம் ஒருமுறை குச்சியைத் தூக்கினால் போதும்.

கேள்வி: இரண்டு பேரும் ஓசூரில் கம்பெனி வேலை. ஆறு வயது மகனுக்கு வீசிங். டாக்டர் டஸ்ட் அலர்ஜி என்கிறார். வேலையாள் தினமும் வந்து துடைக்கிறார், தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனாலும் ராத்திரியில் இருமல். ரோபோ கிளீனர் வாங்கலாமா?
*வாசகர், ஓசூர்*

பதில்: தரை கண்ணாடி மாதிரி இருக்கட்டும், பையன் படுப்பது எங்கே? ராத்திரி எட்டு ஒன்பது மணி நேரம் மூக்கு தலையணையில்தான் இருக்கிறது. டஸ்ட் அலர்ஜி என்றால் பெரும்பாலும் குற்றவாளி தூசிப் பூச்சி. கால் மில்லிமீட்டர் அளவே இருக்கிற, நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் செதிலைத் தின்று மெத்தையில் வாழ்கிற ஜீவன். அது கடிப்பதில்லை, அதன் எச்சம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. அது தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் பெருகாது. ஓசூர் மாதிரி குளிர்ந்த ஊரில், ஜன்னலைச் சாத்தி வைத்த ஃபிளாட்டில், மழைக்காலத்தில் அதற்குக் கொண்டாட்டம்.

அதனால் உங்கள் பணத்தை ரோபோவில் போடுவதற்கு முன்னால் மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த அலர்ஜி உறை வாங்குங்கள். பெட்ஷீட், தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் பெரும்பாலும் 60 என்று ஒரு செட்டிங் இருக்கும், நீங்கள் இதுவரை தொட்டிருக்க மாட்டீர்கள். சாதாரணத் தண்ணீரில் அழுக்கும் எச்சமும் போகும், பூச்சி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பையனோடு தூங்குகிற பொம்மை இருந்தால் பாலிதீன் பையில் கட்டி ஒருநாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவையுங்கள். அவன் அறையில் கம்பளமும் கனத்த திரைச்சீலையும் வேண்டாம், மெல்லிய துணி போடுங்கள், மாதம் ஒருமுறை துவைக்கலாம். ஏசி இருந்தால் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

ரோபோ கட்டிலுக்கு அடியில் போகும், அது ஒரு வசதி. ஆனால் மெத்தை மேல் ஏறாது. வாங்குவதென்றால் மெல்லிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத மெஷின் முன்னால் உறிஞ்சிப் பின்னால் மெல்லிய தூசியை விட்டுவிடும். பையன் அறையில் இருக்கும்போது பெட்ஷீட்டை உதறுவது, ஃபேன் துடைப்பது எல்லாம் வேண்டாம், அவன் பள்ளிக்கூடம் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, வீடுதான் சுத்தமாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஃபேன் இறக்கையில் ஒரு ஓரத்தில் மட்டும் கறுப்பாக அப்புகிறதே, ஏன்? எப்போது துடைப்பது?
*வாசகி, காரிமங்கலம்*

பதில்: காற்றை வெட்டிக்கொண்டு முன்னால் போகிற ஓரம் அது, எதிரே வருகிற தூசி அதில்தான் மோதும். சமையலறை பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசுக்காகிவிடும். மாதம் ஒருமுறை போதும். பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்தி இழுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. பிசுக்கு இருந்தால் வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து துணியைப் பிழிந்து துடையுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இறக்கையை மேலும் கீழுமாக வளைக்காதீர்கள், அப்புறம் ஃபேன் ஆடும்.

கேள்வி: எங்களுடையது ஓட்டு வீடு, சாணம் மெழுகிய தரை. கேழ்வரகு கதிர் அடிக்கிற நாளில் வீடு முழுக்கத் தூசு. தினமும் மெழுக முடியுமா?
*வாசகி, பென்னாகரம் அருகில்*

பதில்: தினமும் மெழுக வேண்டாம், மண் தரையைத் தினமும் நனைத்தால் அதுவே பெயர்ந்து தூசியாகும். வாரம் ஒருமுறை மெழுகுங்கள், மற்ற நாளில் கையால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். கதிர் அடிக்கிறபோது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தூற்றுங்கள், களத்தைப் பார்த்த கதவைச் சாத்தி, குடிதண்ணீர்க் குடத்தையும் படுக்கையையும் மூடி வையுங்கள். தூற்றும்போது முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொள்ளுங்கள். அடித்து முடித்த மறுநாள் ஒருமுறை நன்றாகச் செய்தால் போதும், நடுவில் செய்வது வீண் வேலை. ஓட்டிலிருந்து பொடி உதிர்கிறதென்றால் படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சுருட்டி அவிழ்த்து வெளியே கொண்டுபோய்த் துவைக்கலாம்.

கேள்வி: புதுப் பூந்துடைப்பம் வாங்கினால் அதுவே ஒரு வாரம் தூசியைக் கொட்டுகிறது. பெருக்கப் பெருக்கத் தரை அழுக்காகிறது. என்ன செய்வது?
*வாசகி, அரூர்*

பதில்: அது அந்தப் புல்லின் பூப்பொடி. வாங்கி வந்ததும் வெளியே கொண்டுபோய்ச் சுவரில் பத்துத் தட்டுத் தட்டுங்கள், பிறகு அகலப் பல் சீப்பால் தலை வாருகிற மாதிரி மேலிருந்து கீழே வாருங்கள், வருகிறது எல்லாம் வரட்டும். கடைசியாகப் பூப் பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் ஒருநாள் காயவையுங்கள். கைப்பிடிக் கட்டு நனையக் கூடாது, நனைந்தால் கட்டுத் தளர்ந்து துடைப்பம் சீக்கிரம் பிரிந்துவிடும்.